ஒரு கட்டம்கூடக் காலியில்லை

பள்ளியில் அவருடைய நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி தலைமையாசிரியை முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் கட்டம் சார். கணக்கு வாத்தியார் என்பது அவருடைய உத்தியோகம். பதினாறு வருஷமாகப் பள்ளியின் கால அட்டவணையைப் போடுகிறவர் என்பது அவருடைய அந்தஸ்து.

முப்பத்தொரு ஆசிரியர்கள், பதினெட்டு வகுப்புகள், நாளுக்கு எட்டு பீரியட். ஒரே சோதனைக்கூடத்துக்காக முறைத்துக்கொள்ளும் இரண்டு அறிவியல் டீச்சர்கள், முட்டிவலியால் மாடி ஏறாத வரலாற்று சார், புதன்கிழமை மட்டும் எட்டிப்பார்க்கும் இசை டீச்சர் என்று அத்தனை பேரையும் ஒரு பெரிய தாளில், ஆளுக்கொரு வண்ணப் பென்சிலில், முட்டாமல் மோதாமல் உட்காரவைத்துவிடுவார். ஒரு கட்டம் காலியாக இருந்துவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. "ஞாயித்துக்கிழமை நாலாவது பீரியட் எங்கூடப் பேசறதுக்குன்னு போட்டிருக்கீங்களா, இல்ல அதுக்கும் வேற ஆள் வருவாங்களா?" என்று மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி கேட்பதுண்டு. அவர் சிரித்து மழுப்பிவிட்டு, மனதுக்குள் நிஜமாகவே ஞாயிற்றுக்கிழமையில் இடம் தேடுவார்.

இது போதாதென்று ஆசிரியர் சங்கத்தின் பள்ளிக் கிளைச் செயலாளரும் அவர்தான். தேர்தல் கூட்டத்தின்போது போன் பேச வெளியே போனார். திரும்பி வருவதற்குள் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து எந்தக் கூட்டத்திலும் அவர் போனை எடுப்பதில்லை. இனிமேல் எடுத்து என்ன, எடுக்காமல் என்ன.

கதை தொடங்குவது வாசிப்பு டீச்சரின் தொண்டையில்.

மாடிப்படிக்கு அடியில், ஒருகாலத்தில் விளையாட்டுப் பாய்களை அடுக்கிவைத்திருந்த அறைதான் வாசிப்பு அறை. ஐந்தாவது, ஆறாவது வரை வந்தும் எழுத்தைக் கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளைகள் முறைவைத்து அங்கே வருவார்கள். ஒரு தடவைக்குப் பதினொரு பேர். அதற்கு மேல் உட்கார அந்த அறையில் இடமில்லை. டீச்சர் ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் போய்க் குனிந்து, அது வாசிக்க வாசிக்கத் தானும் கூடவே வாசிப்பார். வாரத்துக்கு இருபது பீரியட், ஒன்பது வருஷம். ஒருநாள் குரல் கம்மியது. இன்னொரு நாள் காற்றுதான் வந்தது. குரல்நாணில் முடிச்சு, அறுவை செய்ய வேண்டும், இரண்டு மாதம் விடுப்பு என்றார் மருத்துவர்.

இருபது பீரியட் காலி. கட்டம் சாருக்குக் கை துறுதுறுத்தது. ஒரே மத்தியானத்தில் ஒன்பது ஆசிரியர்களின் ஓய்வு பீரியட்களைப் பிடித்து இருபது கட்டத்தையும் நிரப்பினார். முனகாமல் இல்லை. "நோட்டு திருத்தற நேரம் சார் அது" என்றார் மூத்த அறிவியல் டீச்சர். "அவங்க வர்ற வரைக்கும்தானே டீச்சர். நம்ம பிள்ளைங்க" என்றார் இவர். நம்ம பிள்ளைங்க என்று சொல்லிவிட்டால் எந்த ஆசிரியராலும் மறுக்க முடியாது. அதைத் தெரிந்துகொண்டு சொல்லும் அளவுக்கு அவருக்குச் சாமர்த்தியமும் உண்டு.

விடுப்புக் கடிதத்தோடு மாற்று அட்டவணையும் கல்வி அலுவலகத்துக்குப் போனது. தலைமையாசிரியை கையெழுத்திட்ட முகப்புக் கடிதத்தை எழுதிக்கொடுத்ததும் இவர்தான். கடைசி வரி: 'மாணவர்களின் கல்வி எவ்விதத்திலும் பாதிக்கப்படாதவாறு மாற்று ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது.' அந்த வரியை முதலில் எழுதிய மனிதர் யாரென்று எவருக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் என்று ஒன்று தோன்றியபோதே அதுவும் கூடப் பிறந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வாரம் அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. மறுசீரமைப்பு என்ற சொல் அதில் ஏழு இடத்தில் இருந்தது. நூலகர், மனநல ஆலோசகர், வாசிப்பு ஆசிரியர் ஆகிய பணியிடங்கள் தேவையின் அடிப்படையில் மறுசீரமைக்கப்படும். இந்தப் பள்ளியில் நூலகரையும் ஆலோசகரையும் ஏற்கெனவே மறுசீரமைத்தாயிற்று. மிச்சமிருப்பது வாசிப்பு டீச்சர் மட்டும். பருவ முடிவோடு அவருடைய இடம் போகும்.

சங்கம் கொதித்தெழுந்தது. கொதித்தெழுந்த சங்கத்துக்கு வேண்டிய வேலைகளையெல்லாம் கட்டம் சார் செய்தார். சட்டையில் குத்தினால் சட்டையே சரியும் அளவுக்குப் பெரிய பேட்ஜ் வந்தது. மழையில் ஊர்வலம் போனார்கள். சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்தால் மைக் விசிலடிக்கும்; இந்தத் தடவை அது அவர் பேச்சு முழுவதற்கும் அடித்தது. துண்டறிக்கைகள் மட்டும் பதினாலு. பதினாலையும் எழுதியது இவர்தான். இரண்டு பக்கமும் அடைத்துப் பொடி எழுத்தில் இருந்த பதினோராவது அறிக்கையைக் கையில் தூக்கிப்பிடித்து விளையாட்டு வாத்தியார் பி.டி. சார் சொன்னார்:

"சார், இத வாசிக்கறதுக்கே ஒரு வாசிப்பு டீச்சர் வேணும் சார்."

வாசலில் நின்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினார்கள். "எதுக்கு சார் இது?" "பள்ளிக்கூடத்துக்குங்க." "அப்ப சரி." அறுநூற்றுப் பதினாலு கையெழுத்து. அதில் எத்தனை பேருக்கு எதற்குப் போட்டோம் என்று தெரியும் என்பதைக் கட்டம் சார் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணக்கூடிய எதையும் எண்ணாமல் விடுகிற ஆள் இல்லை அவர். இதில் மட்டும் பயம்.

ஏழாவது வாரம் மறுஆய்வு அதிகாரி நேரம் கொடுத்தார்.

இரண்டாவது மாடி, ஜன்னலோரம் கோப்புக் குவியல், மேசையில் ஒரு குட்டிக் கற்றாழைத் தொட்டி. அதிகாரி கோபக்காரராக இருப்பார் என்று எதிர்பார்த்துத் தலைவர் அதற்கேற்றாற்போல் முகத்தை வைத்துக்கொண்டு போயிருந்தார். ஆனால் அவர் எழுந்து நின்று வரவேற்றார்.

"உக்காருங்க. டீ சொல்லட்டுமா?"

"நாங்க டீ குடிக்க வரல" என்று தலைவர் சொல்வதற்குள், கையெழுத்துக் கட்டைச் சுமந்து வந்திருந்த பி.டி. சார் தலையாட்டிவிட்டார். மூன்று டீ வந்தது. தலைவர் தன்னுடையதைத் தொடவில்லை. பி.டி. சார் அதையும் சேர்த்துக் குடித்தார்.

அதிகாரி கோப்பைப் பிரித்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். வண்ண வண்ணமாக, கட்டம் கட்டமாக இருந்தது.

"இத யாரு போட்டது?"

"நான்தான் சார்."

"பிரமாதம். இந்த மாசம் முப்பது பள்ளிக்கூடத்து டைம்டேபிள் பாத்துட்டேன். ஒரு கட்டம்கூடக் காலியில்லாம இருக்கறது இது ஒண்ணுதான்."

"தேங்க்ஸ் சார்" என்றார் கட்டம் சார். வாயிலிருந்து வந்துவிட்டது. பதினாறு வருஷத்தில் அந்தத் தாளைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. காது மடல் வரை சூடேறியது.

அதிகாரி அடுத்த தாளை எடுத்தார். "அந்த டீச்சர் ஏழு வாரமா லீவு. வாரத்துக்கு இருபது பீரியட். இருபதையும் இருக்கற ஆளுங்கள வெச்சே எடுத்திருக்கீங்க. மாணவர்களின் கல்வி எவ்விதத்திலும் பாதிக்கப்படாதவாறுன்னு பள்ளிக்கூடமே எழுதிக் குடுத்திருக்கு. அப்ப அந்தப் பணியிடம் எதுக்கு சார்? இத நான் கேக்கல. உங்க டைம்டேபிள் கேக்குது."

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கல்வியின் மாண்பைப் பற்றி ஆரம்பித்தார். அதிகாரி முடியும்வரை பொறுமையாகக் கேட்டார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஒரு வாரம் டைம் தர்றேன். இத மாத்திச் சொல்றாப்ல எழுத்துல எதாவது இருந்தா குடுங்க. கோஷம் வேண்டாம், ப்ளீஸ்."

படியிறங்கும்போது தலைவர் வெடித்தார். "தேங்க்ஸா? அந்தாளு நம்ம கழுத்துல கத்தி வெக்கறான், நீங்க தேங்க்ஸ் சொல்றீங்க?"

"வாய் தவறி வந்துடுச்சு தலைவரே."

"விடுங்க தலைவரே" என்றார் பி.டி. சார். "அவரு வீட்டம்மாகூட இவ்ளோ நல்லா சொன்னதில்ல."

அன்று சாயங்காலமே வாசிப்பு டீச்சரின் வீட்டுக்குப் போனார் கட்டம் சார். போனில் சொல்லித் தப்பிக்க வழியில்லை; டீச்சர் பேசக் கூடாது. முதல் அறுவை சரியாக ஆறாமல் இரண்டாவது தடவையும் செய்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. இன்னும் பத்து நாளைக்கு வாயே திறக்கக் கூடாது. கதவைத் திறந்தவர் கழுத்தில் கயிறு கட்டிய ஒரு குறிப்பேடு தொங்கியது, அதில் சிவப்புப் பேனா செருகியிருந்தது. வீட்டிலும் சிவப்புப் பேனாதான்.

அவர் நடந்ததைச் சொன்னார். தேங்க்ஸ் சொன்னதை மட்டும் விட்டுவிடலாம் என்று நினைத்து, விடமுடியாமல் அதையும் சொன்னார். டீச்சர் எழுதினார்:

'டாக்டர் சிரிக்கவும் கூடாதுன்னு சொல்லியிருக்கார். நல்லவேளை.'

பிறகு தாளைத் திருப்பி: 'என் பிள்ளைங்க இந்த ஏழு வாரமும் என்ன வாசிச்சாங்க?'

"எல்லா பீரியடுக்கும் ஆள் போயிருக்காங்க டீச்சர். ஒண்ணுகூட விடல. நான் பொறுப்பு."

டீச்சர் 'என்ன' என்ற சொல்லுக்கு அடியில் ஒரு கோடு போட்டார். அவர் மறுபடி, "ஒன்பது பேரும் ஒழுங்கா..." என்று தொடங்கினார். இரண்டாவது கோடு விழுந்தது. மூன்றாவது கோட்டில் தாள் கிழிந்தது.

'விரல்காரி பதினாலாம் பக்கம் தாண்டிட்டாளா?'

விரல்காரி என்பது ஐந்தாம் வகுப்புப் பெண். வரிக்கு அடியில் விரல் வைக்காமல் அவளால் வாசிக்க முடியாது. டீச்சர் வைத்த பெயர்.

"விசாரிச்சு சொல்றேன் டீச்சர்."

டீச்சர் குளிர்ப்பெட்டியின் கதவைக் காட்டினார். அங்கே அவருடைய மாற்று அட்டவணையின் நகல் ஒட்டியிருந்தது. டீச்சர் கவலைப்படாமல் ஓய்வெடுக்கட்டும் என்று அவரே வண்ணத்தில் எடுத்துக்கொடுத்த நகல். டீச்சரின் விரல் செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் போய் நின்றது. அங்கே பச்சைப் பென்சிலில் இருந்தது கட்டம் சாரின் பெயர்.

டீச்சர் பேனாவின் மூடியை மூடிவிட்டார். ஆசிரியப் பயிற்சி நாள் முதல் அவர் வாங்கிய திட்டுகளில் அதைவிடப் பெரிய திட்டு இல்லை.

மறுநாள் காலை விரல்காரியை ஆசிரியர் அறைக்கு வரச்சொன்னார். புத்தகத்தோடு வந்தாள்.

"எந்தப் பக்கம்மா இருக்கே?"

"பதினாலு சார்."

"டீச்சர் லீவுல போறப்ப?"

"பதினாலு சார்."

"வாசி, பாப்போம்."

விரல் வரிக்கு அடியில் போய் நின்றது. முதல் சொல் வந்தது. இரண்டாவது சொல்லில் பாதி வந்தது. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் அந்தச் சொல்லைச் சொன்னார். மூன்றாவது சொல்லுக்கும் பார்த்தாள். அவர் அதையும் சொன்னார். அப்புறம் அவள் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை, அவர் வாயைத்தான் பார்த்தாள்.

"செவ்வாக்கிழமைல நாம என்ன பண்ணினோம்னு ஞாபகம் இருக்கா?"

"கணக்கு போட்டோம் சார். அப்புறம் நீங்க பேப்பர் திருத்துவீங்க. நாங்க சத்தம் போடாம இருப்போம்." கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டாள்: "நாங்க சத்தமே போட மாட்டோம் சார்." அவர் திட்டிவிடுவாரோ என்ற பயம் அதில் தெரிந்தது.

அவளை அனுப்பிவிட்டு மற்றவர்களைக் கேட்டார். பி.டி. சார் ஒளிக்கவில்லை. "மொத வாரம் வாசிக்க வெச்சேன் சார். எனக்கே கொட்டாவி. அப்புறம் வெளிய விட்டுட்டேன், ஓடினாங்க. நல்லா ஓடறாங்க சார், அத சொல்லணும்." வரலாற்று சார் பிள்ளைகளுக்கு வரைபடத்தில் வண்ணம் தீட்டக் கொடுத்திருந்தார். மூத்த அறிவியல் டீச்சர் நோட்டு திருத்தியிருந்தார். ஆள் போகாத பீரியட் ஒன்றுகூட இல்லை. வாசிப்பு ஒழுங்காக நடந்த பீரியடும் இல்லை. முதல் இரண்டு வாரத்தைச் சலுகையாகக் கழித்துவிட்டாலும் மிச்சம் நூறு பீரியட். கணக்கில் அவர் தவறுவதில்லை.

மதிய இடைவேளையில் கூட்டம் போட்டார். ஒன்பது பேரும் தலைமையாசிரியையும் வந்தார்கள். தலைவர் போனில் இருந்தார். போனை மேசை நடுவில் தண்ணீர்க் குவளைமீது சாய்த்து வைத்திருந்தார்கள்.

"நம்ம கட்டத்துல நிஜமா என்ன நடந்துச்சோ அத ஆளுக்கு நாலு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுப்போம்" என்றார் கட்டம் சார். "எழுத்துல வேணும்னுதானே கேட்டாரு? வாசிப்பு சொல்லித் தர்றது தனி வேலை, நம்மால முடியலன்னு நாமே சொல்லுவோம்."



"எதிராளி கையில கத்திய நாமே எடுத்துக் குடுக்கறதா?" போன் கத்தியது. "ஆசிரியருங்க பாடம் எடுக்கலன்னு ஆசிரியர் சங்கமே எழுதிக் குடுத்துச்சுன்னு நாளைக்குப் பேப்பர்ல வரும். வாய வெச்சுக்கிட்டு சும்மா இருங்கய்யா!"

மூத்த அறிவியல் டீச்சர் எழுந்துவிட்டார். "நான் என் ஓய்வு பீரியட குடுத்தேன் சார். நீங்க கேட்டீங்கன்னு குடுத்தேன். நம்ம பிள்ளைங்கன்னு சொன்னீங்க. அந்த நோட்ட நான் எப்ப திருத்தறது? பஸ்ஸுலயா? இப்ப குத்தவாளி நானா?"

"இல்ல டீச்சர். குத்தவாளி நான்தான். ஆனா..."

"ஆனா போட்டுட்டீங்க பாத்தீங்களா!"

"என் கையெழுத்து இருக்கு சார் அந்த லெட்டர்ல" என்றார் தலைமையாசிரியை மெதுவாக. "ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆகறேன். விளக்கம் கேட்டு ஓலை வராம போகணும்னு ஒரே ஒரு ஆசை."

யார் சொன்னதையும் அவரால் தவறென்று சொல்ல முடியவில்லை. அதுதான் ஆத்திரமாக இருந்தது. ஆத்திரத்தைக் காட்டவும் ஓர் ஆள் எதிரில் இல்லை. அதிகாரி டீ வாங்கிக்கொடுக்கிறார். தலைமையாசிரியை கண்ணீரைத் துடைக்கிறார். அறிவியல் டீச்சர் சொல்வது நியாயம். மேசையில் ஓங்கிக் குத்தலாம் என்றால் அங்கே தலைவர் சாய்ந்திருக்கிறார். கடைசியில் ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினார்.

'செவ்வாய், மூன்றாம் பீரியட். நான் கணக்கு ஆசிரியன். பிள்ளைகளுக்குக் கணக்கு கொடுத்தேன். கணக்கை வாசிக்க முடியாதவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு அதையும் செய்யவில்லை, விடைத்தாள் திருத்தினேன். திருத்த வேறு நேரம் இல்லை. பிள்ளைகள் சத்தம் போடவில்லை. பதினாலாம் பக்கத்தில் இருந்த மாணவி இன்னும் பதினாலாம் பக்கத்தில் இருக்கிறாள்.'

கையெழுத்துப் போட்டுத் தாளைத் தள்ளினார். பி.டி. சார் அதை இரண்டு தடவை வாசித்தார். "இதுல துண்டறிக்கை வாசனையே இல்லையே சார்" என்று சொல்லிவிட்டுப் பேனாவை வாங்கினார். அப்புறம் வரலாற்று சார். ஒன்பது பேரில் ஐந்து பேர் எழுதினார்கள். மூத்த அறிவியல் டீச்சர் எழுதவில்லை. அன்று முழுக்க இவரோடு பேசவும் இல்லை.

அந்த ஐந்து தாள்களும் அலுவலகத்துக்குப் போயின. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. மூன்று பத்தி. ஒன்று: ஏற்கெனவே பதிவு செய்யப்பட்ட அட்டவணையே இறுதியானது. இரண்டு: வாசிப்பு ஆசிரியர் பணியிடம் இந்தப் பருவத்தோடு முடிவுக்கு வருகிறது. மூன்று: தங்களுக்கு வாசிப்பு கற்பிக்கத் தெரியவில்லை என்று எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுள்ள ஐந்து ஆசிரியர்களுக்கும் இரண்டு நாள் சிறப்புப் பயிற்சி அளிக்கப்படும்.

"எழுதாத நாலு பேருக்குக் கிடையாதாம்" என்றார் பி.டி. சார், கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து. "உண்மை பேசினா ரெண்டு நாள் உள்ள."

வாசிப்பு டீச்சர் வேலைக்குத் திரும்பி எட்டே நாள்தான் ஆகியிருந்தது. குரல் வந்திருந்தது, ஆனால் பழைய குரல் இல்லை. ஜன்னல் இடுக்கில் நுழையும் காற்றுபோல் மெலிந்திருந்தது. கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

"உண்மைய எழுதினீங்களே சார். அது போதும்."

"எது டீச்சர் போதும்? உங்க வேலை போகுது!" இந்த ஒரு மாதமாக அவர் யார் மீதும் காட்டாத கோபம், பாவம், டீச்சர் மீதே வந்து விழுந்தது.

"கத்தாதீங்க. கத்தினா தொண்டை போயிடும். நான் கண்ணால பாத்தது" என்றார் டீச்சர்.

தலைவர் அடுத்த ஆர்ப்பாட்டத்துக்குத் தேதி குறித்தார். தலைமையாசிரியை அடுத்த பருவத்தின் அட்டவணை வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார். உலகம் வழக்கம்போல் நடந்தது.

வியாழன் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் பென்சில்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். வழக்கமான கட்டங்களெல்லாம் நிரம்பிவிட்டன. வாசிப்பு அறையின் இருபதுதான் மிச்சம். யாருடைய ஓய்வு பீரியட் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். யோசித்துக்கொண்டிருக்கும்போதே கை மூன்று பெயரை எழுதிவிட்டது. அழித்தார். கை நான்காவது பெயரை எழுதப் போனது. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை மனைவி வந்து பார்த்தார்.

"என்னங்க, நடுவுல பொத்தல் பொத்தலா இருக்கு?"

"பொத்தல்தான்."

"சாப்பாடு இறங்குமா?"

"இறங்காது. நீ போடு."

மறுநாள் தலைமையாசிரியை தாளை வெகுநேரம் பார்த்தார். இருபது வெள்ளைக் கட்டங்கள். மற்ற வண்ணங்களுக்கு நடுவே அவை பல் விழுந்த இடம்போல் இருந்தன.

"இப்படி எப்படி சார் அனுப்பறது?"

"அப்படித்தான் மேடம் இருக்கு. நிரப்பினோம்னா மறுபடியும் பொய். அடுத்து கணக்கு வாத்தியார் போனாலும் பி.டி. சார வெச்சு நிரப்பிடுவேன் நான். எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல."

தலைமையாசிரியை முகப்புக் கடிதத்தை எடுத்தார். கட்டம் சார்தான் எழுதிக்கொண்டு வந்திருந்தார். தலைமையாசிரியை வாசித்துக்கொண்டே வந்து, கடைசி வரியில் நின்று, கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

"சார். எவ்விதத்திலும் பாதிக்கப்படாதவாறுன்னு இருக்கு."

அவர் எட்டிப் பார்த்தார். இருந்தது. இருபது கட்டத்தைக் காலியாக விட்ட அதே கை, பழக்கதோஷத்தில் அதையும் எழுதியிருந்தது. அவருக்கு அங்கேயே பூமி பிளக்காதா என்று இருந்தது.

தலைமையாசிரியை பேனாவை எடுத்தார். அந்த வரியின் மேல் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் தேதியிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார்.

"ஓலை வந்தா வரட்டும்" என்றார். "இன்னொரு காப்பி வாசல் கேட்டுல ஒட்டுங்க. பெருசா."

அந்தப் பருவத்தின் கடைசி நாளில் வாசிப்பு டீச்சர் தன் புத்தகங்களை இரண்டு அட்டைப்பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டு போனார். புதிய பருவத்தின் முதல் நாள் வாசலில் அந்தப் பெரிய தாள் இருந்தது. பிள்ளைகளை விட வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பதினாலு துண்டறிக்கையை வாங்கி மடித்துப் பைக்குள் போட்டவர்கள்தான். ஓர் அம்மா வெள்ளைக் கட்டத்தில் விரலை வைத்து, பக்கத்தில் நின்ற கட்டம் சாரைப் பார்த்தார்.

"சார், இதுல ஏன் யாரு பேரும் இல்ல?"

"ஆள் இல்லீங்க."

"அப்ப பிள்ளைங்க அந்த நேரத்துல என்ன பண்ணுவாங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க. அவங்கவங்க வகுப்புல கடைசி பெஞ்சுல உக்காந்திருப்பாங்க. சத்தம் போட மாட்டாங்க."

அந்த அம்மா தாளை இன்னொரு தடவை பார்த்தார். "யாருகிட்ட சார் கேக்கணும்?"

அவர் அதிகாரியின் தொலைபேசி எண்ணைச் சொன்னார். பின்னால் நின்றவர்களும் எழுதிக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியட் ஆசிரியர் அறையில் போன் அடித்தது. அதிகாரிதான்.

"கட்டம் சாரா? உங்க டைம்டேபிள்ல இருபது இடம் காலியா இருக்கே?"

"ஆமா சார்."

"உங்களுக்கு நிரப்பத் தெரியாதா?"

"தெரியும் சார். அதான் கோளாறே."

மறுமுனையில் பெருமூச்சு. "நேத்துலேந்து நாப்பது போன் சார் எனக்கு. சரி, தற்காலிகமா எதாவது பண்ண முடியுமான்னு மேல கேட்டிருக்கேன். ஒரு மாசம் ஆகலாம், ரெண்டு மாசம் ஆகலாம். உறுதி கிடையாது. அதுவரைக்கும் நிரப்பி அனுப்புங்க. அதுவரைக்கும்தானே?"

அந்தச் சொல் எவ்வளவு இனிமையாக இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். அவரே அதைச் சொல்லி ஒன்பது பேரின் ஓய்வு பீரியடைப் பிடுங்கியவர். மேசைக்கு அந்தப் பக்கம் நோட்டு திருத்திக்கொண்டிருந்த மூத்த அறிவியல் டீச்சர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பி.டி. சார் ஒரு பென்சிலை எடுத்து, "எனக்கு அஞ்சாவது சும்மாதான் இருக்கு" என்று சைகை காட்டினார். "கீழ வைங்க" என்று இவரும் சைகை காட்டினார்.

"ஆள் வந்ததும் நிரப்பறேன் சார்" என்றார் போனில்.

"பிள்ளைங்க பாவம் இல்லையா சார்?"

"பாவம்தான் சார். ரொம்பப் பாவம். அத நீங்களும் அங்க ஒரு காகிதத்துல எழுதி வெச்சுக்குங்க."

போனை வைத்துவிட்டு வெளியே வந்தார். வாசிப்பு அறையின் பூட்டிய கதவுக்கு முன்னால் விரல்காரி நின்றிருந்தாள். பழக்கத்தில் வந்துவிட்டிருந்தாள். கையில் புத்தகம், நடுவில் ஒரு விரலை வைத்து மூடியிருந்தாள். எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை.

"இன்னிக்கு டீச்சர் இல்லம்மா. வகுப்புக்குப் போ."

"நாளைக்கு சார்?"

"நாளைக்கும் இல்ல."

"அப்ப எப்ப சார் வருவாங்க?"

இந்தப் பள்ளியில் யார் எப்போது எந்த அறையில் இருப்பார்கள் என்று பதினாறு வருஷமாகத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவந்தவர். சட்டைப்பையிலிருந்து மடித்த அட்டவணையை எடுத்தார், பிரித்தார், அவளோடு சேர்ந்து தானும் அதைப் பார்த்தார்.

"தெரியலம்மா" என்றார்.

அவள் போகவில்லை. தன்னுடைய விரலைப் புத்தகத்திலிருந்து எடுத்து அந்த வெள்ளைக் கட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.